விலை குறைந்த லைட் பீர்: ருசி மெலிந்தது என்பதற்காக மட்டம் என்று சொல்லலாமா?

கீழ்ப்பாக்கம் வாசி | வெள்ளி, இரவு 9:40

நம் ஊரில் பீர் பேச்சு வந்தாலே "மைல்டா? அது தண்ணி பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் ஆல்கஹால் குறைந்த மைல்டும் லைட்டும் மட்டும்தான் குடிப்பேன். வாரக்கடைசியில் ஒரு பாட்டில், சாப்பாட்டுக்கு முன்னால், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், லேசான கசப்போடு குளிர்ச்சியாக ஏதாவது தொண்டையில் இறங்க வேண்டும் என்றிருக்கும். அதற்கு இதுதான் சரி என்பது என் முடிவு.

விலை குறைந்த லைட் பீர் ருசி மெலிந்தது, உண்மை. ஆனால் மெலிந்திருப்பது வேறு, கெட்டிருப்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறார்கள். ஒரே பிராண்டு, ஒரே விலை. ஒரு தடவை வாங்கினால் சுத்தமாக, மெல்லிய தானிய வாசனையோடு இருக்கிறது. அடுத்த தடவை ஈர அட்டைப்பெட்டி வாசனை வருகிறது. இது ஏன்? ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் விளக்குங்கள்.

---

ஸ்ட்ராங் மட்டும் | வெள்ளி, இரவு 10:05

அண்ணே, ருசி எல்லாம் அப்புறம். முதலில் கணக்கைப் பாருங்கள். மைல்டும் 650 மில்லி, ஸ்ட்ராங்கும் 650 மில்லி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் 5 சதவீதத்துக்குள்தான் ஆல்கஹால், இதில் 8 வரைக்கும் இருக்கிறது. உழைத்துச் சம்பாதிக்கிற பணத்துக்கு எது கட்டுப்படியாகும்? நாடு முழுக்க விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். ஜனங்கள் காரணம் இல்லாமலா வாங்குகிறார்கள்?

---

பெரம்பூர் பாஸ்கி | வெள்ளி, இரவு 10:31

> எது கட்டுப்படியாகும்?

தம்பி, அந்தக் கணக்கை முழுசாகப் போட்டுவிடுவோம். 650 மில்லியில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 41 கிராம். 4.8 சதவீத மைல்டில் சுமார் 25 கிராம். நம் ஊர் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம், ஒரு குவாட்டரில் (180 மில்லி) சுமார் 61 கிராம். ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் என்பது குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. "பீர்தானே" என்று இரண்டு பாட்டில் குடிப்பவர் ஒரு குவாட்டரைத் தாண்டிவிடுகிறார். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கிக்குக்காக வாங்குபவர் ஸ்ட்ராங் வாங்கட்டும். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மைல்டின் தரத்தை அளக்க முடியாது. கீழ்ப்பாக்கம் சார் கேட்டது தரத்தைப் பற்றி.

---

நொதி | சனி, காலை 7:12

பீர் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், தயாரிக்கக் கஷ்டமான பீர்களில் லைட் லாகரும், அதாவது நாம் பேசுகிற இந்த லைட் பீரும், ஒன்று என்பார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். பருப்பில்லாத மிளகு ரசத்தில் புளி ஒரு துளி கூடினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும், சாம்பாரில் தெரியாது. அதே விஷயம்தான் இங்கேயும். கறுத்த ஸ்டவுட்டிலும் கசப்பு மிகுந்த ஐபிஏவிலும் சின்னச் சின்னக் குறைகள் மறைந்துவிடும். லைட் பீரில் கசப்பு பொதுவாக 8 முதல் 12 ஐபியுதான் (ஐபியு என்பது கசப்பை அளக்கும் அலகு). மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பும் கிட்டத்தட்ட இல்லை. மறைக்க அங்கே எதுவும் இல்லை.

அதில் என்னென்ன குறை வரும்? மால்ட் சாறு கொதிக்கும்போது ஆவி சரியாக வெளியேறவில்லை என்றால் டைமெத்தில் சல்ஃபைடு தங்கிவிடும்; வேகவைத்த சோள வாசனை. ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே குளிரவைத்து இறக்கிவிட்டால் டையசெட்டில் நிற்கும், வெண்ணெய் வாசனை. பக்குவமாகும் முன்பே பாட்டிலில் அடைத்தால் அசெட்டால்டிஹைடு. பச்சை ஆப்பிள் தோல் வாசனை. இந்த மூன்றும் ஆலையின் தவறு. தரம் மட்டம் என்று நாம் உரிமையோடு சொல்லலாம்.

நீங்கள் சொன்ன அட்டைப்பெட்டி வாசனை வேறு. அது பெரும்பாலும் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு முற்றுவது. பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் துளி ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து பீரை மூப்படையச் செய்கின்றன. அதில் பேர்போன ஒன்று டிரான்ஸ்-2-நானினல் என்கிற வேதிப்பொருள். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் எல்லாரும் கையாளும் தோராயக் கணக்கு. மே மாதத்துச் சென்னையில் லாரியிலும் கிடங்கிலும் நிற்கும் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாட்டில் பீர் பாஸ்ச்சுரைஸ் செய்யப்படுகிறது, 60 டிகிரி சூட்டை ஒட்டி. அதனால் கிருமியால் கெடாது. ஆனால் பாஸ்ச்சுரைசேஷன் மூப்பைத் தடுக்காது. லேபிளில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால், அது குடிக்கத் தகுந்த காலம். ருசி உச்சத்தில் இருக்கும் காலம் அதைவிட மிகக் குறைவு.

---

வேளச்சேரி அம்மு | சனி, காலை 9:50

நொதி ஐயா, நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

எனக்கு வேறு ஒரு வாசனை அனுபவம் உண்டு. தி.நகர் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் ஜன்னல் ஓரம் பச்சைப் பாட்டில்களை அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதிலிருந்தே எடுத்து ஐஸ் வாளியில் போட்டுக் கொடுத்தார்கள். திறந்ததும் கந்தக நெடி, ரப்பர் எரிந்தது போல. மாற்றித் தரச் சொன்னேன். "இந்த பிராண்டே இப்படித்தான் மேடம்" என்றார் மேலாளர். என்னோடு வந்தவர்களும் "இறக்குமதிப் பெயர் போட்ட பீர் என்றால் இந்த வாசனை இருக்கும்" என்று ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் அந்த பிராண்டு அப்படியா?

---

நொதி | சனி, காலை 10:20

இல்லை அம்மா, அது வெளிச்சம் பட்ட பீர். ஹாப்ஸ் என்ற பூவில் இருந்து வரும் ஐசோ ஹுமுலோன் என்கிற கசப்புப் பொருள், பீரில் இயல்பாக இருக்கும் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின், வெளிச்சம், மூன்றும் சேர்ந்தால் ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. மேற்கத்தியர்கள் அதை ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். இந்த வினை எப்படி நடக்கிறது என்பதை வட கரோலினாவின் மால்கம் ஃபோர்ப்ஸும் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தவர்களும் சேர்ந்து 2001ல் விளக்கினார்கள். நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும்.

பழுப்புப் பாட்டில் இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை சுமாராகத்தான். வெள்ளைப் பாட்டில் தடுக்கவே தடுக்காது. கேன் என்றால் கவலையே இல்லை. அமெரிக்காவின் மில்லர் நிறுவனம் வெள்ளைப் பாட்டிலில் விற்பதற்காகவே, வெளிச்சத்தில் மாறாதபடி பதப்படுத்திய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகிறது.

உங்கள் மேலாளர் சொன்ன பதில் தவறு. நீங்கள் மாற்றித் தரச் சொன்னது முழு நியாயம்.

---

ராயபுரம் ரசிகர் | சனி, மதியம் 1:15

எல்லாரும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கிளிசரின்! நம் ஊர் பீரில் கெடாமல் இருக்கக் கிளிசரின் கலக்கிறார்கள். பாட்டிலைத் திறந்து, கட்டைவிரலால் மூடி, தண்ணீர் கிளாஸில் கவிழ்த்தால் நூல் நூலாகக் கீழே இறங்கும். எங்கள் செட்டில் இதைச் செய்யாமல் யாரும் குடிக்கவே மாட்டோம். லைட் பீரில் அந்த நூல் ரொம்பக் கம்மி. அதனால் அது கொஞ்சம் சுத்தம் என்பது என் கருத்து.

---

நொதி | சனி, மதியம் 2:40

ராயபுரம் நண்பரே, உங்கள் கவனிப்பு சரியானது. காரணம்தான் வேறு.

கிளிசரால் எல்லா நாட்டு பீரிலும் உண்டு. சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட்டே அதை உண்டாக்குகிறது, லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் அளவில். அது பீரில் முழுசாகக் கரைந்திருக்கும். கவிழ்த்து அதை மட்டும் தனியாக வடிக்க முடியாது.

நீங்கள் பார்க்கிற நூல் பீரேதான். பீரில் ஈஸ்ட் தின்னாத மாவுச்சத்துத் துண்டுகள், டெக்ஸ்ட்ரின், மிச்சம் இருக்கும். அதனால் பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி. அடர்த்தியானது கீழே இறங்குகிறது, தண்ணீர் மேலே ஏறி பாட்டிலுக்குள் போகிறது. அதாவது நீங்கள் நல்ல பீரைக் கீழே விட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீரைச் சேர்த்துக் குடிக்கிறீர்கள்.

லைட் பீரில் நூல் ஏன் குறைவு? அங்கே டெக்ஸ்ட்ரின் மிகக் குறைவு. அதன் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் வந்துவிடும், சில லைட் பீர்களில் தண்ணீரைவிடக் குறைந்தும் போகும். அந்த மெலிவுதான் நாக்கில் 'தண்ணி' என்று தெரிவதும். நீங்கள் கிளாஸில் பார்ப்பதும் கீழ்ப்பாக்கம் வாசி நாக்கில் உணர்வதும் ஒன்றே.

---

கீழ்ப்பாக்கம் வாசி | சனி, மாலை 4:05

இது எனக்குப் பெரிய திறப்பு ஐயா. ஆனால் அந்த டெக்ஸ்ட்ரினை எப்படிக் குறைக்கிறார்கள்? வெறுமனே தண்ணீர் கலந்தால் போதாதா?

---

மில்வாக்கி மயிலாப்பூர் | சனி, இரவு 8:30

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பல வருடம் அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்துவிட்டுத் திரும்பியவன். மில்லர் பிறந்த ஊர் என்பதால் அங்கே இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

நியூயார்க்கின் ரைன்கோல்ட் ஆலையில் ஜோசப் ஓவேட்ஸ் என்று ஒரு உயிர்வேதியியலாளர் இருந்தார். மால்ட்டில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தை முழுசாக உடைப்பதில்லை, டெக்ஸ்ட்ரின் மிச்சம் நிற்கிறது. அவர் அமைலோகுளுக்கோசிடேஸ் என்கிற நொதியைச் சேர்த்து அதையும் குளுக்கோஸாக உடைத்தார். ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஆல்கஹால் கூடுதலாக வரும், அப்புறம் தண்ணீர் சேர்த்து அளவைக் குறைக்கலாம். 1967ல் கேப்ளிங்கர்ஸ் என்ற பெயரில் டயட் பீராக விற்றார்கள். படுதோல்வி. பீர் குடிப்பவன் டயட் என்ற சொல்லைப் பார்த்து ஏன் வாங்கப் போகிறான்? செய்முறை சிகாகோவின் மைஸ்டர் பிராவ் நிறுவனத்துக்குப் போனது, 1972ல் அதன் பிராண்டுகளை மில்லர் வாங்கியது. ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர்களை விளம்பரத்தில் நிறுத்தி, 1975ல் நாடு முழுக்க மில்லர் லைட் என்று இறக்கினார்கள். அதன் பிறகு நடந்தது வரலாறு. 1982ல் பட்வைசர்காரர்களும் லைட் இறக்க வேண்டியதாயிற்று.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மில்லர் லைட் 355 மில்லியில் 96 கலோரி. ஆல்கஹால் 4.2 சதவீதம். அந்த ஆல்கஹாலில் இருந்து மட்டுமே 80க்கு மேல் கலோரி வந்துவிடுகிறது. லைட் என்று எழுதியிருப்பதால் தொப்பை வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அங்கே இதைக் குடிப்பவர்களை நான் மரியாதையோடுதான் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து புல் வெட்டிவிட்டு, ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்துக் குடிப்பார்கள். டெக்சாஸில் வாங்கினாலும் விஸ்கான்சினில் வாங்கினாலும் ஒரே ருசி. வேறு வேறு ஊர் ஆலைகள், வேறு வேறு தண்ணீர், ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒழுங்கு சாதாரண விஷயம் இல்லை.

---

மால்ட் மட்டுமே | சனி, இரவு 11:02

ஒழுங்கு இருக்கலாம். ஆனால் அரிசியும் சோளமும் போட்டு மலிவாகக் காய்ச்சுவதை நான் ஏற்க மாட்டேன். 1516லேயே பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நம் ஊர் மலிவு பீர் லேபிளைப் படியுங்கள்: அரிசி அவல், சர்க்கரை. பெங்களூரு போய், அங்கேயே காய்ச்சிக் கொடுக்கும் ஒரு ப்ரூபப்பில் முழு மால்ட் பீர் குடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். சென்னையில் அந்த மாதிரிக் கிடைப்பது அரிது. சில்லறை விற்பனை 2003ல் இருந்து டாஸ்மாக் மூலம் மட்டும்தான் என்பதால், அலமாரியில் இருப்பதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல பீர் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு தலைமுறை குடித்துக்கொண்டிருக்கிறது என்பது என் வருத்தம்.

---

பெரம்பூர் பாஸ்கி | ஞாயிறு, காலை 8:45

வருத்தம் புரிகிறது. ஆனால் அரிசியை மலிவுக்கு அடையாளமாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் விளைந்த ஆறு வரிசைப் பார்லியில் புரதம் அதிகம். அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் பீர் கலங்கலாக வரும். அதற்காகவே அங்கே போன ஜெர்மானியர்கள் அரிசியும் சோளமும் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஜப்பானின் அசாஹி சூப்பர் ட்ரை, 1987ல் வந்தது, அதிலும் அரிசி உண்டு. அதை யாரும் மட்டம் என்பதில்லை. பளிச்சென்று, வறண்டு முடிகிற அந்த ருசி பலருக்குப் பிடிக்கிறது.

சர்க்கரை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஸ்ட்ராங்கில் ஆல்கஹாலை ஏற்றுவதற்காகச் சர்க்கரை கொட்டினால் சூடான, எரிகிற ஒரு முடிவு வருகிறது. அது மைல்டில் அவ்வளவாக இல்லை.

---

தரமணி நர்ஸ் | ஞாயிறு, காலை 11:30

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லைட் என்றாலும் அதேதான். குடிக்கிறவர்களிடம் குறைந்த ஆல்கஹால் உள்ளதை எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. லைட்தானே என்று ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தால் அந்தப் பயன் அப்போதே போய்விடும். குடித்துவிட்டு வண்டி எடுக்கவே கூடாது, ஒரு பாட்டில் மைல்டுக்குப் பிறகும்.

---

ஸ்ட்ராங் மட்டும் | ஞாயிறு, மதியம் 12:10

அக்கா சொல்வது சரி. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. கண்ணைக் கட்டிக் கொடுத்தால் இந்த மைல்ட் ரசிகர்களில் எத்தனை பேர் தங்கள் பிராண்டைக் கண்டுபிடிப்பார்கள்?

---

நொதி | ஞாயிறு, மதியம் 1:00

நிறையப் பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். 1964ல் அலிசன், உல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். லேபிள் இல்லாமல் கொடுத்தபோது தங்கள் வழக்கமான பீரைப் பொதுவாக யாராலும் பிரித்தறிய முடியவில்லை. லேபிளோடு கொடுத்ததும் தங்கள் பிராண்டுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் சோதிக்க வேண்டியது பிராண்டை அல்ல. ஒரே பிராண்டில் புதிய பாட்டில் ஒன்று, நான்கைந்து மாதம் ஆனது ஒன்று. மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால், ஆள் மாற்றி ஆள் பல தடவை செய்ய வேண்டும். ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் செய்யாதீர்கள், நாக்கு மரத்துப்போகும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 8, 10 டிகிரியில் ஊற்றுங்கள். கிளாஸில் சோப்போ எண்ணெயோ இருக்கக் கூடாது, நுரை நிற்காது. பஜ்ஜி சாப்பிட்ட உதட்டோடு குடித்தாலும் நுரை அடங்கிவிடும்.

---

கீழ்ப்பாக்கம் வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 9:15

செய்து பார்த்துவிட்டோம். பாஸ்கி, ராயபுரம் ரசிகர், ஸ்ட்ராங் மட்டும், என் மைத்துனர் எல்லாரும் வந்திருந்தார்கள். ராயபுரத்துக்காரர் நெத்திலி வறுவல் கொண்டுவந்தார், சோதனை முடிந்த பிறகுதான் தொட்டோம்.

ஒரே விலையில் இரண்டு மைல்ட் பிராண்டுகளை வைத்தபோது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியவில்லை. ஒரே பிராண்டில் புதியதையும் பழையதையும் வைத்தபோது பெரும்பாலானவர்கள் பிரித்துவிட்டார்கள். பழையதில் மணம் மழுங்கி, ஒரு பழைய காகித வாசனை. புதியதில் பார்லி வாசனை தெளிவாக வந்தது, கசப்பு கடைசியில் சுருக்கென்று நின்றது. ஸ்ட்ராங் மட்டும் தம்பிக்குத்தான் மூக்கு எல்லாரையும்விடக் கூர்மை. ஒரு சுற்றுகூடத் தவறவில்லை.

---

ஸ்ட்ராங் மட்டும் | அடுத்த ஞாயிறு, இரவு 10:00

ஸ்ட்ராங்கை நான் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் புதிய பாட்டில் நன்றாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. நொதி ஐயா, கடையில் கூட்டம் முட்டும்போது தேதியைப் பார்த்து வாங்குவது நடக்கிற காரியமா? கூலிங் இருக்கிறதா என்று கேட்டாலே முறைக்கிறார்கள்.

---

நொதி | திங்கள், காலை 6:50

மாலை நெரிசலில் கஷ்டம்தான். கடை திறக்கும் மதியம் 12 மணிக்குப் போனால் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்க நேரம் இருக்கும். டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் அலமாரியில் இருந்து நாமே எடுக்கலாம். தயாரிப்புத் தேதி லேபிளிலோ கழுத்திலோ அச்சாகியிருக்கும். கேனில் அடிப்பாகத்தில் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் எடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்திலேயே பீர் ஆலைகள் இருப்பதால் புதிய சரக்கு கிடைக்காத ஊர் இல்லை இது. கூலிங்கில் இருக்கும் பழையதைவிட, வெளியே இருக்கும் புதியதை வாங்கி வீட்டில் குளிரவைப்பது மேல். பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், ஃப்ரீசரில் போடாதீர்கள். கேன் கிடைத்தால் கேன்.